அம்மப்பா ஒரு நண்டு



இதை எழுதுவது ஒரு கைதான். ஆயினும் "நாங்கள்" என்றே எழுதுகின்றோம். இதில் வருகின்ற கதைகளும், அவற்றை வெளியில் காட்ட நாங்கள் பட்ட வெட்கமும் நால்வருக்கும் பொதுவானவை.

நாங்கள் நான்கு பெண்கள். நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்தில், கடற்கரையூர் ஒன்றில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்கின்றோம். எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள், நாற்பதைத் தொடாதவர்கள். எங்களில் எவரும் உயர்தரம் படித்ததில்லை. ஒருத்தி 2008ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சாதாரணதரப் பரீட்சை எழுதியிருக்க வேண்டியவள். அந்த டிசம்பரில் அவள் தர்மபுரத்தில் தறப்பாளுக்குக் கீழே இருந்தாள். புத்தகப் பை அதற்கு முந்திய இடப்பெயர்விலேயே தவறிவிட்டது. மற்றவர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான். ஆகவே எழுத்தாளர் என்ற சொல்லுக்கும் எங்களுக்கும் உள்ள தூரத்தை வாசகர்கள் தாங்களே அளந்து கொள்ளலாம்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கதைகள் அங்கேதான் பிறந்தன. இங்கு தொர்ஸ்க் என்று சொல்லும் கோட் மீனை இயந்திரம் கிழித்துத் தள்ளும். கீழேயிருந்து வெளிச்சம் அடிக்கும் மேசையில் அந்தத் துண்டு வந்து விழும். வெளிச்சத்தில் முள்ளும் புழுவும் நிழலாகத் தெரியும். கத்தி நுனியால் அவற்றை எடுத்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். வெள்ளை றப்பர் சப்பாத்து, நீலத் தலைவலை, இரண்டு சோடிக் கையுறை. இரைச்சலுக்காகக் காதையும் மூடியிருப்போம். பக்கத்தில் நிற்பவளோடு கண்ணால்தான் பேச்சு. கை தன்பாட்டில் வேலை செய்ய, மனம் ஊருக்குப் போய்விடும். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் விடுவார்கள். காதிலிருந்ததைக் கழற்றியவுடன் யாராவது ஒருத்தி, "நேற்று இரவு பிள்ளைக்கு ஒரு கதை சொன்னனான்" என்று தொடங்குவாள்.

முதலில் வந்தது சூரியன் கதை. எங்கள் பகுதியில் நவம்பர் கடைசியில் போகும் சூரியன் ஜனவரி நடுப்பகுதி தாண்டித்தான் திரும்ப முகம் காட்டும். மத்தியானத்தில் மட்டும் வானம் கொஞ்சம் நீலமாகும், பிறகு மூடிவிடும். "அம்மா, சூரியன் எங்க போட்டுது?" என்று நாலு வயதுப் பிள்ளை கேட்டால், பூமியின் சரிவை எப்படி விளங்கப்படுத்துவது? வடமராட்சிக்காரி தன் அம்மம்மாவைக் கூப்பிட்டாள். அம்மம்மா முற்றத்தில் பாய் விரித்துப் பனங்கிழங்கு காயவைத்திருக்கிறாவாம். ஒடியல் முறுகக் காயும்வரை சூரியனை விடமாட்டாவாம். "இன்னும் ரெண்டு பாய் கிடக்கு, பொறு ராசா" என்று கெஞ்சிக் கெஞ்சி மறித்து வைத்திருக்கிறாவாம். கூழுக்கு மாவாக்கிய பிறகுதான் இந்தப் பக்கம் அனுப்புவாவாம். அந்தப் பிள்ளை மூன்று குளிர்காலமாக, "அம்மம்மாட ஒடியல் காய்ஞ்சுதோ?" என்று கேட்டபடி இருக்கிறது. அம்மம்மா 2003இல் மோசம் போய்விட்டா. பிள்ளை அவவைக் கண்டதே இல்லை.

கிளிநொச்சிக்காரியின் கதையில் ஓர் ஆடு வரும். பெயர் கறுப்பி. இடம்பெயர்ந்து போகும் வீட்டாருக்கு முன்னால் நடந்து, எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கிறதென்று மோந்து சொல்லும் ஆடு. அது உண்மையில் அவளுடைய தாயார் வளர்த்த ஆடு. தண்ணீரை மோந்து சொல்லியதா என்று கேட்காதீர்கள். தாயார் அப்படித்தான் சொல்வாராம்.

மூன்றாவது நண்டின் கதை. இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். எங்கள் கடலில் அரச நண்டு என்று ஒரு சாதி உண்டு. காலை விரித்தால் ஒரு மீற்றருக்கு மேல் வரும். அது இந்தக் கடலின் பிள்ளையல்ல. 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் தூரகிழக்கிலே, கம்சாட்கா பக்கத்துக் கடலில் பிடித்து, கண்டம் கடந்து கொண்டுவந்து, பேரன்ற்ஸ் கடலில் விட்டார்கள். அது பெருகி, நடந்து நடந்து, 1970களில் நோர்வேக் கரைக்கும் வந்து சேர்ந்தது. வலைகளைச் சிக்காக்குகிறது, மீனைக் கெடுக்கிறது என்று முதலில் மீனவர்கள் திட்டித் தீர்த்தார்கள். இப்பொழுது அதே நண்டு உயிரோடு விமானம் ஏறி வெளிநாட்டு உணவகங்களுக்குப் போகிறது. விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

எங்களில் மூத்தவர் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். பெரியக்கா என்றே நாங்கள் கூப்பிடுவது. அவருடைய ஐயா கடற்றொழிலாளி. கரைக்கு வந்ததும் மீனை ஐந்தைந்தாக உரத்த குரலில் எண்ணுவாராம். எண்ணி முடிந்ததும் ஒரு மீனை எடுத்து, "இது உனக்கு" என்று கடலுக்கே எறிந்துவிடுவாராம். பெரியக்கா மகளுக்குச் சொன்ன கதையில், தூரத்துக் கடலிலிருந்து அகதியாக வந்த கிழட்டு நண்டொன்று இப்படியே ஐந்தைந்தாக எண்ணுகிறது. கடைசி மீனைக் கடலுக்குக் கொடுக்கிறது. பாஷை தெரியாத கோட் மீன்கள் அதைப் பார்த்துச் சிரிக்கின்றன. போகப்போக அவையும் எண்ணப் பழகுகின்றன. ஐயா 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் செல் விழுந்து இறந்தார். வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபொழுது படங்கள் இருந்த பையும் இல்லாமற் போயிற்று. ஐயாவின் முகம் இருக்கும் ஒரு கடதாசித் துண்டுகூடப் பெரியக்காவிடம் இல்லை.

இப்படியே காலம் போயிருக்கும். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. வகுப்பில் தாத்தா பாட்டியை வரையச் சொல்லியிருக்கிறார்கள். பெரியக்காவின் மகள் சாரம் கட்டிய ஒரு நண்டை வரைந்து, "இதுதான் என் அம்மப்பா" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். வேறு பிள்ளைகள் சிரித்தபொழுது அழவில்லையாம். "அவர் நல்லா எண்ணுவார்" என்று மட்டும் சொன்னாளாம். வீட்டில் எல்லாம் சரிதானே என்று ஆசிரியை அன்பாகத்தான் கேட்டார். ஆனால் இந்த நாட்டில் பிள்ளை வளர்க்கும் எங்களுக்கு அந்தக் கேள்வி வந்தாலே பார்னவேர்ன் என்னும் சிறுவர் நலப் பகுதியின் நினைப்பும் கூடவே வந்துவிடும். பெரியக்காவுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

அன்றிரவு நால்வரும் அவர் வீட்டுக் குசினியில் கூடினோம். பயம் தெளிந்த பிறகு மிஞ்சியது வேறொரு கேள்வி. பிள்ளைக்கு நண்டைத் தெரிகிறது, மனிதனைத் தெரியவில்லை. நாளைக்கு நாங்களும் இல்லாவிட்டால் நண்டும் இல்லை. "எழுதி வைப்பம்" என்றாள் எங்களில் இளையவள்.

எழுதினோம். நூறு பக்கக் கொப்பியொன்றில், பென்சிலால். எழுதி முடித்ததை, எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு கிழமையில் திருப்பித் தந்தார். முதல் மூன்று பக்கத்தில் மட்டும் 23 சிவப்பு வட்டங்கள். ளகர ழகரப் பிழை, றகர ரகரப் பிழை, ஒற்றுப் பிழை. "பிழை திருத்தலாம் பிள்ளையள், அது பெரிசில்லை. ஆனால் இது கதையில்லை, கதைக்கிறது. இஞ்ச பிள்ளையளுக்குக் கிழமையில ரெண்டு மணித்தியாலந்தான் தமிழ். அதுக்குள்ள பேச்சுத் தமிழை எழுதிக் காட்டினால், எழுத்துத் தமிழை எப்ப படிக்கிறது?" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது. கொப்பி பெரியக்காவின் அலுமாரிக்குள் போய் ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது.

அந்த ஒரு வருடத்தில் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொன்னவற்றையும் எழுதிவிடுகிறோம். மீன் வெட்டுபவர்களுக்கு எழுத்தாளர் ஆசை வந்துவிட்டது என்று ஊரில் சிரிப்பார்களே என்றோம். எங்கள் பிள்ளைகளே வளர்ந்து எங்கள் தமிழைப் பார்த்து நாணப்படுவார்களே என்றோம். இவற்றுக்கெல்லாம் மேலே, பெரியக்கா ஒருநாள் இடைவேளையில் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தபடி, "செத்துப்போன மனிசனை நண்டாக்கி விளையாடிப் போட்டனோ?" என்று கேட்டார். எங்களில் எவரிடமும் பதில் இருக்கவில்லை. மணி அடித்தது. கையுறையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனோம்.

கொப்பி வெளியில் வந்தது ஊர் நூலகத்தால். இந்நாட்டுத் தேசிய நூலகத்தின் பன்மொழிப் பிரிவு, சின்ன ஊர் நூலகங்களுக்கும் வேற்றுமொழிப் புத்தகங்களை இரவலாக அனுப்பும். தமிழும் அதில் உண்டு. பிள்ளைகளுக்காக எடுப்போம். நல்ல புத்தகங்கள்தான். ஆனால் அவற்றில் வரும் பாட்டி சென்னைப் பாட்டி. ஒடியல் காயவைக்க மாட்டா. நூலகப் பெண்மணி ஒருநாள், "உங்கள் பாட்டிமார் வரும் புத்தகம் இல்லையா?" என்று கேட்டார். இளையவள் நாக்கைக் கடித்துக்கொண்டு கொப்பிக் கதையைச் சொல்லிவிட்டாள். அதற்கு அந்தப் பெண்மணி சொன்னவை எங்களுக்குப் புதியவை. பிறகு நாங்களும் தேடி வாசித்துச் சேர்த்துக்கொண்டோம்.

பிப்பி என்ற, இரண்டு பக்கமும் நீட்டிய பின்னலுடைய பெண்பிள்ளையை இங்கு வளரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவளை உண்டாக்கியவர் சுவீடனைச் சேர்ந்த அஸ்ட்ரிட் லிண்ட்கிரென். பள்ளிக்கூட நாளில் அவருடைய கட்டுரையொன்று உள்ளூர்ப் பத்திரிகையில் வந்ததாம். பெரிய எழுத்தாளர் ஒருவரின் பெயரைச் சொல்லி எல்லோரும் பகிடி பண்ண, இனிமேல் புத்தகமே எழுதுவதில்லை என்று முடிவெடுத்தாராம். பின்னர் அலுவலகங்களில் சுருக்கெழுத்துத் தட்டெழுத்து வேலை செய்தார். 1941இல் நியூமோனியாக் காய்ச்சலில் படுத்திருந்த மகள், அந்த நேரம் வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லி, அவளைப் பற்றிக் கதை சொல்லு என்று கேட்டாள். தாய் சொன்னார். மூன்று வருடம் வாயால்தான் சொன்னார். 1944இல் பனியில் சறுக்கிக் கால் சுளுக்கிப் படுக்கையில் கிடந்தபொழுதுதான் எழுதினார். அதுவும் மகளின் பத்தாவது பிறந்தநாளுக்குப் பரிசாக. பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பியபொழுது, சிறுவர் நலப் பகுதிக்கு அறிவித்துவிட மாட்டீர்கள் என நம்புகிறேன் என்ற கருத்தில் பகிடியாக எழுதியிருந்தாராம். அந்தப் பதிப்பகம் திருப்பி அனுப்பியது. அடுத்த வருடம், 1945இல், வேறொரு பதிப்பகத்தின் போட்டியில் முதற்பரிசு பெற்றுப் புத்தகமாயிற்று.

சிறுவர் நலப் பகுதி என்ற இடத்தில் நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அந்த அம்மாவுக்குமா அந்தப் பயம்!

இங்கிலாந்தின் பியாற்றிக்ஸ் பொட்டர் எழுதிய பீற்றர் முயலும் இப்படித்தான். 1893இல், தன் பழைய ஆசிரியையின் நோயுற்ற மகனுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல், கடிதத்திலே முயற்குட்டிகளின் கதையைப் படத்தோடு எழுதினார். பீற்றர் என்பது அவர் வளர்த்த முயலின் பெயர்தான். அந்தப் பையன் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தான். பல வருடங்களுக்குப் பிறகு அவனிடமே அதை இரவல் வாங்கிப் புத்தகமாக்க முயன்றார். பதிப்பகங்கள் மறுத்தன. 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதி அச்சடித்தார். அடுத்த வருடம்தான், முதலில் மறுத்த பதிப்பகங்களில் ஒன்று அதை எடுத்துப் போட்டது.

இவர்களோடு எங்களை ஒப்பிடவில்லை. அவர்கள் படித்தவர்கள்.  ஆனால் இருவரும் வாசகர்களுக்காகத் தொடங்கவில்லை, காய்ச்சலில் கிடந்த ஒரு பிள்ளைக்காகத் தொடங்கினார்கள் என்பது எங்களைப் பிடித்துக்கொண்டது. அப்பொழுது இளையவள், "எங்கட தங்கத் தாத்தா மட்டும் என்னவாம்?" என்றாள். நவாலியூர் சோமசுந்தரப் புலவரைச் சொன்னாள். 1878இல் பிறந்து 1953இல் மறைந்தவர். கத்தரித் தோட்டத்து வெருளியையும் ஆடிப்பிறப்புக் கூழையும் கொழுக்கட்டையையும் பாட்டாக்கித் தந்த புலவர். அவருக்கு வெருளி சரியென்றால் எங்களுக்கு நண்டு ஏன் சரிவராது?

கொப்பியைத் திரும்ப எடுத்தோம். பெரியவரிடமே போனோம். அவர் சொன்னதில் பாதி சரியென்று எங்களுக்கும் பட்டிருந்தது. கதை சொல்லும் இடமெல்லாம் எழுத்துத் தமிழ், ஆட்கள் வாய் திறக்கும் இடத்தில் மட்டும் அவரவர் பேச்சு என்று பேரம் பேசினோம். "பொறு ராசா" என்பதை "பொறுத்திரு அரசே" என்று திருத்தினால் அது அம்மம்மா இல்லையே! இளையவள் இதைச் சொன்னபொழுது அவரே சிரித்துவிட்டார். ஒற்றுப் பிழை எல்லாவற்றையும் திருத்தித் தந்தார். பேச்சுத் தமிழை அவர் இன்றுவரை முழுமனதாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்லமாட்டோம்.

செய்த விதத்தையும் எழுதுகிறோம், யாருக்காவது உதவும். ஏ4 தாள் நான்கை நடுவில் மடித்தால் 16 பக்கம் வரும். முப்பது பிரதிக்கு 120 தாள். நூலகத்துப் பிரதியெடுக்கும் இயந்திரத்தில் இரண்டு பக்கமும் எடுத்தோம். நடுவில் கம்பி அடிக்க நீண்ட கையுள்ள ஸ்ரேப்ளர் வேண்டும். சாதாரண ஸ்ரேப்ளர் நடுப்பகுதிவரை எட்டாது. முதல் ஆறு பிரதிகளைப் பாழாக்கிய பிறகுதான் இது விளங்கியது. எழுத்து இளையவளின் கையெழுத்து. படங்கள் பிள்ளைகளுடையவை. அட்டையில் அதே சாரம் கட்டிய நண்டு. பள்ளிக்கூட ஆசிரியை அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருந்து தந்தார்.

மூன்று கதையும் சேர்ந்து 14 பக்கந்தான் வந்தது. இரண்டு பக்கம் மிச்சம். "உன்ர கதை எங்க?" என்று இளையவளைக் கேட்டோம். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. "நான் ஆருக்குச் சொல்லுறது?" என்றாள். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். 2009 ஏப்ரலில் காணாமற் போனான். அப்பொழுது அவனுக்குப் 14 வயது. நாங்கள் மேலும் கேட்கவில்லை. மறுநாள் அவள் ஒரு பக்கத்தில் சைக்கிள் ஒன்றைக் கீறிக்கொண்டு வந்தாள். எழுத்து ஒன்றும் இல்லை. மற்றப் பக்கத்தை வெறுமையாகவே விட்டோம்.

சூரியன் திரும்பி வரும் கிழமையில் வடநோர்வேயில் சூரிய பணிஸ் என்று சொல்லி இனிப்புப் பணிஸ் சாப்பிடுவார்கள். அந்தக் கிழமை நூலகத்தில் வாசிக்கலாம் என்றார்கள். பிள்ளைகள் ஒன்பது பேர் வந்தார்கள், மூவர் நோர்வேஜியப் பிள்ளைகள். பெரியவரும் வந்து பின்வரிசையில் இருந்தார். தமிழில் ஒரு பக்கம் வாசிக்க, இளையவள் நோர்வேஜிய மொழியில் சொல்லிக்கொண்டு போனாள். ஒடியல் என்பதற்கு அவளிடம் சொல் இல்லை. பையில் கொண்டுபோன ஒடியலைக் கடிக்கக் கொடுத்தோம். அந்தப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்த சுளிப்பு!

நண்டுக் கதை பெரியக்காவின் முறை. ஐந்து, பத்து, பதினைந்து என்று நன்றாகத்தான் வாசித்துக்கொண்டு போனார். கடைசி மீனை எறியும் இடம் வந்ததும் குரல் நின்றுவிட்டது. தாளைப் பார்த்தபடி நிற்கிறார்; சத்தம் வரவில்லை. முன்வரிசையில் இருந்த மகள் எழும்பி, புத்தகத்தைப் பார்க்காமலே, கையை ஓங்கி எறிந்து காட்டி, "இது உனக்கு!" என்றாள். சின்னவர்கள் எல்லாரும் சேர்ந்து எறிந்தார்கள். தமிழ் தெரியாத மூன்று பிள்ளைகளும் "இது உனக்கு" என்றே கத்தின. பின்னால் நின்ற நோர்வேஜிய முதியவர் ஒருவர், முன்னாள் மீனவர், பிறகு எங்களிடம் வந்து, "நாங்களும் முதலில் அந்த நண்டை வேண்டாமென்றுதான் சொன்னோம்" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் பெரியக்கா மகளிடம், அம்மப்பா நண்டல்ல, உயரமான மனிதர், இடது காதில் தழும்பு உண்டு, சுருட்டுப் பிடிப்பார், கோபம் வந்தால் சாப்பிடமாட்டார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனாராம். பிள்ளை முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும் அம்மா. நண்டு அவர்ட வேஷம்" என்றதாம்.

முப்பது பிரதியும் இரண்டு கிழமையில் முடிந்தன. ஒன்று கிளிநொச்சிக்குத் தபாலில் போயிற்று. கறுப்பியின் சொந்தக்காரியான தாயார் பேத்தியைக்கொண்டு வாசிப்பித்துக் கேட்டுவிட்டு, அன்றே வைபரில் எடுத்தார். பாராட்டப் போகிறார் என்று நால்வரும் சுற்றி இருந்தோம். "ஆரடி என்ர ஆட்டை முழுக்கக் கறுப்பாக்கினது? கறுப்பிக்கு முன்னங்கால் ரெண்டும் வெள்ளையெல்லே. நெத்தியிலயும் ஒரு வெள்ளைப் பொட்டு. தெரியாட்டில் கேட்டு எழுதுறதுக்கென்ன?" அரை மணித்தியாலம் ஆட்டைப் பற்றியே கதைத்தார். அத்தனை வருடத்தில் அந்தக் காலத்தைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதற்தடவை என்று மகள் சொன்னாள்.

இரண்டாம் முறை ஐம்பது பிரதி எடுத்தோம். கறுப்பியின் கால்களை வெள்ளையாக்கியாயிற்று. இளையவளும் தன் பக்கத்தைக் கேட்டு வாங்கினாள். நூலகத்தில் பிள்ளைகள் எல்லாரும் அவளிடம், இது யாருடைய சைக்கிள், ஏன் ஒருவரும் ஓடவில்லை என்று கேட்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதித் தந்தாள்:

"இது என்ர தம்பியின்ர சைக்கிள். பிறேக் இல்லை, கவனம்."